காற்றுக்கு மதில் இல்லை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவை முக்கியமானவைதாம். ஆனால் இன்று காற்றைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். இந்த மண்டபத்தில் இருக்கும் நாம் எல்லோரும், எந்த ஆண்டில் படித்திருந்தாலும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களானாலும், இந்த நிமிடத்தில் ஒன்றாகப் பங்குபோடும் பொருள் அது ஒன்றுதான்.

புளியந்தீவில் படித்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாற்புறமும் வாவி. வாடை எது, சோழகம் எது, கச்சான் எது என்று வகுப்பறை யன்னல் ஊடாகவே நமக்குத் தெரியும். கச்சான் வீசும் மாதங்களில் கரும்பலகையில் எழுதிய சோக்கட்டித் தூள்கூட நம் முகத்துக்கே வரும். வாடைக் காலத்தில் வாவியின் ஈரமணம் கொப்பிக்குள் ஏறும். இன்னொரு மணமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் விளக்குமாற்றால் கூட்டிச் சேர்த்த சருகையும் கடதாசியையும் வளவின் மூலையில் வைத்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகைக்குள் நின்றுதான் நாம் காலைப் பிரார்த்தனை சொன்னோம். அது ஒரு சுத்தம் செய்யும் வேலை என்றே நம்பினோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இன்றும் நம்மில் பலருடைய வீட்டு வளவில் பின்னேரம் ஐந்து மணிக்கு அதே புகை எழும்புகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: அன்று எரிந்தது சருகு, இன்று சருகோடு சேர்ந்து எரிவது பொலித்தீன்.

கிளினிக்கில் இருந்து தொடங்குவோம். வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முட்டு வருத்தத்தோடு ஒரு சிறுவன் அடிக்கடி வந்துகொண்டிருந்தான். ஏழு வயது. அரிசி ஆலை ஒன்றின் மதிலுக்கு அடுத்த வீடு. அம்மம்மாதான் கூட்டி வருவார். நாங்கள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்போம், பம்ப்பின் அளவைக் கூட்டிக் குறைப்போம், அதைப் பிடிக்கும் முறையைத் திரும்பவும் காட்டிக் கொடுப்போம், அடுத்த திகதியை எழுதுவோம். வீட்டில் பூனை இருக்கிறதா, யாராவது சிகரெட் குடிக்கிறார்களா என்று கேட்டோம். மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதைச் சொன்னது அந்த அம்மம்மாதான். “கச்சான் காலத்திலதான் இவனுக்குக் கூடுது, டொக்டர். காத்து மாறினா இவனும் மாறிடுறான்.”

மருத்துவப் புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொல்வதை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். நாங்கள் கொப்பியில் குறித்தது மருந்தின் பெயரை. அவர் மனதில் குறித்து வைத்திருந்தது காற்றின் திசையை. இரண்டில் எது நோயின் காரணத்துக்குக் கிட்ட இருந்தது என்று நாங்கள் பிறகுதான் யோசித்தோம்.

அடுத்த முறை வந்தபோது நாங்கள் ஆலையைப் பற்றி விசாரித்தோம். உடனே அவருடைய முகம் மாறிவிட்டது. “மில்ல மூடச் சொல்லிராதீங்க, டொக்டர். இவன்ட அப்பாவுக்கு அங்கதான் வேல.”

இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் இன்றைய பேச்சு முழுவதும் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சு வேண்டும். பிள்ளையின் தகப்பனுக்குச் சம்பளம் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று ஒரு ஏழைக் குடும்பத்திடம் கேட்பது நியாயமா?

முதலில் புகை உடலுக்குள் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் சாம்பலும் தூசியும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தும்மலோடும் சளியோடும் வெளியே போகும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாததில். பி.எம். 2.5 என்று சொல்லப்படும் நுண்துகள், நம் தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது சுவாசப்பையின் கடைசிக் காற்றறை வரை போகும். அதில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை முட்டு வருத்தத்தோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நிறை குறைந்த குழந்தை பிறத்தல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. சிகரெட் இருக்கும் அதே வகுப்பு. பெரியவரைவிடப் பிள்ளை தன் உடல் நிறைக்கு அதிகமாக மூச்சு இழுக்கிறது. அதன் சுவாசப்பை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரே புகையில் நின்றாலும் பிள்ளைக்குப் போவது கூடுதல்.

இனி உங்களைக் கடலுக்கு அக்கரைக்குக் கூட்டிப் போகிறோம். தமிழ்நாட்டில் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் வீதியில், உப்பனாற்றின் ஓரமாகச் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1980களில் உருவானது. மருந்து, சாயம், பூச்சிகொல்லி, இரசாயனம் என்று ஆலைகள். ஆலைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் என்று ஊர்கள். மீன்பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்த சனங்கள். பெயரை மாற்றினால் நம் வாவிக்கரை ஊர்கள் மாதிரியேதான்.

அந்த ஊர்ப் பெண்கள் நாற்றத்தைப் பற்றி ஆண்டுக்கணக்காக முறையிட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது நாற்றம் இருக்காது. ஆலைகள் கூடுதலாக வெளியேற்றுவது இரவில் என்று மக்கள் சொன்னார்கள்; அதிகாரிகள் வருவதோ பகலில். “ஆதாரம் எங்கே?” என்ற கேள்வியோடு ஒவ்வொரு முறைப்பாடும் முடிந்தது. நாற்றத்தை மடித்து உறைக்குள் வைத்து அனுப்ப முடியாதே!

ஆனால் அதையும் செய்து காட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் அந்த ஊர்களில் மக்களே சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவை அமைத்தார்கள். இரண்டு வேலை செய்தார்கள். முதலாவது, நாற்றத்துக்கு ஒரு கொப்பி. இன்ன நாள், இன்ன நேரம், காற்று இன்ன திசை, நாற்றம் எதைப் போன்றது, யாருக்கு என்ன செய்தது என்று எழுதினார்கள். அழுகிய முட்டை, அழுகிய கோவா, நகப்பூச்சு, ஆஸ்பத்திரி நெடி என்று தங்கள் சொல்லிலேயே வகைப்படுத்தினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இரசாயனம் படித்தவருக்கு இது ஒரு வரைபடம். அழுகிய முட்டை என்றால் ஐதரசன் சல்பைட்டைத் தேட வேண்டும். அழுகிய கோவா என்றால் மெர்கப்டன் வகை. நகப்பூச்சு என்றால் அசெற்றோன் போன்ற கரைப்பான். எந்த ஆலை எதைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், எந்த நாற்றம் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது, ஒரு வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளி. காற்றுப் புகாத மூடி. உள்ளே டெட்லார் என்ற விசேட பிளாஸ்டிக்கால் செய்த ஒரு பை. பையின் வாய் மட்டும் மூடியின் ஊடாக வெளியே இருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறிய பம்ப்பால் உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று பைக்குள் தானாகவே நிறையும். நாற்றம் வரும் நேரத்திலேயே, சில நிமிடத்தில், வீட்டு வாசலில் நின்று பிடித்துவிடலாம். பிறகு பையை மூடி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்த வாளி 1995இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக உருவானது. லூசியானா மாநிலத்தில் நோர்கோ என்ற ஊரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த நான்கு தெருக்களுக்காக அதைக் கையில் எடுத்தவர் மார்ஜி ரிச்சர்ட் என்ற ஆசிரியை. அயலில் இருந்த பெரும் நிறுவனம் 2002இல் அந்த மக்கள் வேறிடம் போவதற்கு உதவ இணங்கியது. 2004இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஒருவர் என்பதை இந்தப் பாடசாலையில் நின்று சொல்லாமல் விட முடியாது.

கடலூர் மக்கள் வாளியில் பிடித்த காற்றின் முடிவுகள் 2004 செப்டெம்பரில் வெளியாகின. இருபதுக்கும் மேற்பட்ட இரசாயனங்கள்; அவற்றில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையும் இருந்தன. “உங்கள் கற்பனை” என்று சொல்லப்பட்டதற்குப் பெயரும் அளவும் கிடைத்துவிட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு அந்த விடயத்தைக் கையில் எடுத்தது. காற்றில் இத்தகைய நச்சு வாயுக்களுக்கு அங்கே அதுவரை ஒழுங்கான நியமம்கூட இருக்கவில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. மக்களும் அதிகாரிகளும் ஒரே மேசையில் இருக்கும் உள்ளூர்க் குழு ஒன்றும் உருவானது. அந்த முடிவுகள் வந்து மூன்று மாதத்தில் ஆழிப்பேரலை வந்தது. நாவலடியையும் டச்பாரையும் அடித்த அதே அலை கடலூர்க் கரையையும் அடித்தது. அத்தனை இழப்புக்குப் பிறகும் அந்தப் பெண்கள் கொப்பியை மூடவில்லை.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்தால் கைதட்டலாம். ஆனால் உண்மை அப்படி இல்லை. 2009இல் இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. 70 புள்ளிக்கு மேல் வந்தவை மிக மோசமாக மாசடைந்த பகுதிகள். அப்படி 43 பகுதிகள். கடலூர் 77.45, சென்னைக்கு வடக்கே மணலி 76.32. வாளி வந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகும் கடலூர் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. மாறியது வேறொன்று. “ஆதாரம் எங்கே?” என்று ஊரைப் பார்த்துக் கேட்டவர்கள், “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டி வந்தது. அது சிறிய மாற்றம் அல்ல.

கடலூரும் மணலியும் நமக்குச் சொல்லும் இன்னொரு பாடம் உண்டு. ஒவ்வொரு ஆலையும் தன் புகைபோக்கியைக் காட்டி, “நாங்கள் அனுமதித்த அளவுக்குள்தான்” என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊரில் உள்ள பிள்ளை ஒரு புகைபோக்கியை மட்டும் சுவாசிப்பதில்லை. பத்து ஆலை, அவற்றுக்கு வரும் லொறிகள், வீதித் தூசி, பக்கத்துக் குப்பைமேடு, வீட்டு விறகடுப்பு அத்தனையின் கூட்டுத்தொகையையும் அது ஒரே மூச்சில் இழுக்கிறது. ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே நிறுத்து, “இது பாரமில்லை” என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே முதுகில் ஏற்றுவது போன்றது இது. அந்த முதுகு எப்போதும் ஏழையின் முதுகாகவே இருக்கிறது. காணி மலிவான இடத்தில் ஆலை வருகிறது. ஆலை வந்த இடத்தில் காணி இன்னும் மலிகிறது. வேறிடம் போக முடியாதவர்கள் மட்டும் அங்கே மிஞ்சுகிறார்கள்.

லண்டனில் இருந்து வந்திருக்கும் தங்கைமார், “இது இந்தியா, இலங்கைப் பிரச்சினை” என்று நினைக்கக்கூடும். உங்கள் நகரத்திலேயே லூவிசம் பகுதியில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். வாகனங்கள் ஓயாத தென் வட்டப் பெருவீதிக்கு மிகக் கிட்டிய வீடு. கடுமையான முட்டு வருத்தம். மூன்று ஆண்டுகளில் இருபத்தைந்து தடவைக்கு மேல் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டாள். 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். அவளுடைய தாய் ரோசமண்ட் விடவில்லை. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் ஒருவரின் மரணத்துக்கு அப்படிக் காரணம் எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

அந்த விசாரணையில் எங்களைச் சுட்டது வேறொரு வரி. காற்று மாசு பிள்ளையின் நோயைக் கூட்டும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கக்கூடும் என்பது அங்கே வெளிப்பட்டது. பெரிய நகரம், பெரிய ஆஸ்பத்திரிகள், எத்தனையோ நிபுணர்கள். ஒருவரும் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அதைப் படித்தபோது அம்மம்மாவின் குரல்தான் எங்களுக்குக் கேட்டது. எங்களுக்காவது சொல்லித்தர ஒருவர் இருந்தார்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மட்டக்களப்பு மணலி அல்ல. பெரிய ஆலை என்று நமக்கு இருந்தது 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை. அதன் சங்கொலியும் மணமும் அந்தப் பக்கத்து மாணவிகளுக்கு நன்றாகத் தெரியும். அது இயங்கிய காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அது முடங்கியபோது எத்தனையோ அடுப்புகள் அணைந்தன. ஆகவே ஆலை வேண்டாம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. நாமும் சொல்லவில்லை.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. நமது மாகாணத்திலேயே சம்பூரில், 2006இல் இடம்பெயர்ந்த மக்களின் நிலப்பகுதியில், 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டம் இருந்தது. சுற்றாடல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. மேற்குக் கரையில் நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் இயங்குகிறது. காற்றுக் காலங்களில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் வருவதாக அயல் ஊர் மக்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். வந்தபின் துடைப்பதைவிட வருமுன் கேட்பது இலகு.

நம்மிடம் இப்போது இருப்பவை சிறியவை, ஆனால் பல. அரிசி ஆலைகள், செங்கல் சூளைகள், மரக்காலைகள், வாகனங்கள், எரியும் குப்பை. திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பிடித்துப் புகைந்த நாட்களில் நகரம் எப்படி இருமியது என்பது இங்குள்ளோருக்குத் தெரியும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று கெட்டுவிட்டதென்று நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். அந்த மாசின் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தது. காற்றுக்கு மதிலும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. நமது நாட்டின் நியமப்படி நுண்துகள் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ 5. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இருபதையும் நம் பிள்ளைகளின் சுவாசப்பைதான் சுமக்கிறது.

அந்தச் சிறுவனின் ஆலைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதலில் நாங்கள் படிக்க வேண்டியிருந்தது. ஆயிரம் கிலோ நெல்லில் ஏறக்குறைய இருநூறு கிலோ உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் நாற்பது கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். சாம்பல் கறுப்பாக இருந்தால் உமி சரியாக எரியவில்லை, காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். அதாவது எரிபொருளும் வீண், புகையும் கூடுதல். சாம்பல் வெளிறி இருந்தால் நன்றாக எரிந்திருக்கிறது. புகையைச் சுழலவிட்டுத் தூசியை விழுத்தும் சைக்கிளோன் என்ற கூம்பு பெரிய துகள்களைப் பிடிக்கும். நுண்துகளைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும், அது செலவு. ஆனால் சாம்பல் குவியலை நனைத்து மூடி வைப்பதற்கு அவ்வளவு செலவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், ஊரவர் சிலரும், நாங்களும் முதலாளியோடு உட்கார்ந்து கதைத்தோம். “மூடுங்கள்” என்று யாரும் சொல்லவில்லை. சாம்பல் குவியல் மதிலோரத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போனது. படங்கு போட்டு மூடினார்கள். கொதிகலனுக்குக் காற்று போகும் வழியைத் திருத்தினார்கள். வடிகட்டி இன்னும் வரவில்லை. அடுத்த போகத்துக்கு என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு போகத்துக்கும் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவனுடைய பம்ப் இன்னும் நிற்கவில்லை. ஆனால் இரவில் நெபுலைசர் பிடிக்க ஓடிவரும் நாட்கள் குறைந்திருக்கின்றன. தகப்பன் அதே ஆலையில் வேலை செய்கிறார்.

இனி, நமது சங்கம் செய்யக்கூடிய சில காரியங்கள்.

ஒன்று, ஒரு கொப்பி. மாணவிகளே, இது உங்களுக்கு. வகுப்புக்கு ஒன்று போதும். திகதி, நேரம், காற்றுத் திசை, புகையோ நாற்றமோ எதைப் போன்றது, வகுப்பில் எத்தனை பேர் இருமினார்கள். ஒரு கச்சான் காலமும் ஒரு வாடைக் காலமும் எழுதுங்கள். மூக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது; காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. ஐதரசன் சல்பைட்டு மிகக் கூடினால் மணக்கும் சக்தியே மரத்துவிடும். ஆகவே கொப்பியோடு ஒரு சிறிய நுண்துகள் அளவிக் கருவியும் வேண்டும். அதை வாங்கித் தருவது வெளிநாட்டு அக்காமாருக்குப் பெரிய காரியமாக இருக்காது. மண்டபத்துக்கு மாபிள் பதிப்பதைவிட மலிவு.

இரண்டு, சட்டத்தைப் படிப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நமக்கு இருக்கிறது. குறித்த தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். சிறிய தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையே அதை வழங்குகிறது. புகைபோக்கிகளில் இருந்து வெளியேறுவதற்கான ஒழுங்குவிதிகள் 2019இல் வந்தன. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு ஆலையின் உரிமத்தில் என்ன நிபந்தனைகள் என்று யாரும் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். பொதுத் தொல்லை என்றால் நீதவான் நீதிமன்றமும் இருக்கிறது. நம்மில் சட்டத்தரணிகள் பலர் இருக்கிறார்கள். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்று, வைத்தியர்களும் தாதியரும் மருத்துவமாதரும் ஆன பழைய மாணவிகளுக்கு. முட்டு வருத்தத்தோடு பிள்ளை வந்தால் மேலும் இரண்டு கேள்வி கேட்போம்: வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? எந்தக் காற்றுக்குக் கூடுகிறது? பதிலை நோயாளியின் கொப்பியில் எழுதுவோம். ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் சொல்லுவோம்.

நான்கு, இதுதான் கஷ்டமானது. நமது வளவில் பின்னேரம் எரியும் தீயை அணைப்போம். சருகைக் குழியில் போட்டால் மரத்துக்குப் பசளை. பொலித்தீனை எரிப்பதை நிறுத்திவிட்டுப் போய்த்தான் ஆலை முதலாளியின் கதவைத் தட்ட நமக்கு முகம் இருக்கும். இந்தப் பாடசாலை வளவிலும் இனித் தீ மூட்டுவதில்லை என்று நூற்றாண்டு விழா மேடையிலிருந்து அதிபர் அவர்கள் அறிவித்தால், அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் நமக்கு வேண்டாம்.

நூறு ஆண்டுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், பெண்பிள்ளை படித்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்ட காலத்தில் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு நாம் பட்டங்களாலும் பதவிகளாலும் பதில் சொல்லிவந்திருக்கிறோம். குடிகாட்டுப் பெண்கள் ஒரு கொப்பியாலும் ஒரு வாளியாலும் பதில் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு நம்மளவு படிப்பு இல்லை. நமக்கு இருக்கிறது. அதனால் நம் கடன் கூடுதல்.

அடுத்த கச்சான் எழும்ப அதிக நாள் இல்லை. அதற்கு முன் கொப்பியை வாங்கிவிடுவோம்.